எலிகள் ஒதுக்கிய பொடி

பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்ட என் பிள்ளைக்கு, விழுப்புரத்திலிருந்து அம்மா எழுதுவது.

உன் கார்டு நேற்று வந்தது. அறை கிடைத்துவிட்டது, சாப்பாடுதான் எதைத் தொட்டாலும் தித்திக்கிறது, வேலையில் சேர்ந்த முதல் நாளே எலிக் கூண்டுகள் இருக்கும் அறையைச் சுற்றிக் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். கூண்டுகளைப் பார்த்ததும் என் ஞாபகம் வந்ததாம். கூட இருந்தவர்களிடம், என் தாயாரும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர்தான் என்று பெருமையாகச் சொன்னாயாம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். அதைக் கேட்டுத்தான் நீ ரசாயனம் படித்தாய், அதைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கு மனுப் போட்டாய். இப்போது ஒரு மருந்து மனுஷ உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தாய் செய்கிற காரியம் இல்லை.

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பலாம். அனுப்பினால் நீ படித்துவிட்டு, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ நினைத்துக் குழம்புகிறாள் என்று சும்மா இருந்துவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்ததுதானே அது. அதனால் இன்னொரு பிரதி எடுத்து ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். திண்டிவனத்தில் நாம் இருந்த தெருவில் என் கையால் பொட்டலம் வாங்கியவர்கள் இன்று எங்கெங்கேயோ சிதறிப் போய்விட்டார்கள். அவர்களில் யார் கண்ணிலாவது படட்டும்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு ஐந்து வயது. எட்டாவது வரை படித்தவள் என்ற ஒரே தகுதியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. திண்டிவனத்தில் மருந்து தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் பெயரை எழுதவில்லை. கம்பெனியும் இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. எண்ணெய் மில்லுக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, நாலு மேஜை போட்டு, அதை ஆராய்ச்சிக்கூடம் என்றார்கள். சென்னையில் படித்துவிட்டு வந்த சபேசன் சார் ஒருவர்தான் அங்கே படித்தவர். நான் கூண்டு கழுவுகிறவள், கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள், புட்டிகளில் சீட்டு ஒட்டுகிறவள். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லும்போது மட்டும் அது ஆராய்ச்சி வேலை ஆகிவிட்டது. அப்பா இல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா என்று நினைத்தேன். அந்தப் பொய்தான் இன்று பம்பாய் வரைக்கும் போயிருக்கிறது.

வைத்தியர்கள் உலோகத்தைப் புடம் போட்டுப் பொடியாக்கி அம்மைக்குக் கொடுப்பது ரொம்ப நாளாக உண்டு. அதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இருந்தால் உடம்பு அதைத் தாங்குமா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது சபேசன் சாரின் ஆசை. செம்பிலும் துத்தநாகத்திலும் ஒன்பது விதமான பொடி செய்து ஒன்பது புட்டிகளில் வைத்திருந்தார். அடைவைத்த முட்டையின் ஓட்டில் சின்னத் துளை போட்டு, அம்மை குத்துகிறவரிடம், அவர் குத்துவதற்கு வைத்திருக்கும் அம்மைப்பாலைக் கொஞ்சம் வாங்கி வந்து, ஒரு சொட்டு உள்ளே விடுவார். சில நாள் கழித்து ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் சவ்வை எடுத்துத் தட்டில் விரித்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். கிருமி பெருகியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பொடி கரைத்து விட்ட முட்டைகளில் புள்ளி குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பார். மாதக்கணக்கில் எதிலும் குறையவில்லை. கடைசியில், செம்பில் செய்த ஏழாம் நம்பர் பொடியில் மட்டும் குறைந்தது. அன்று என்னைக் கூப்பிட்டு, "நீங்க எண்ணுங்கம்மா, நான் எண்ணினா எனக்கே நம்பிக்கை வரல" என்றார். நான் எண்ணினேன். உண்மையாகவே குறைந்திருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

முட்டையில் நல்லது செய்தால் மட்டும் போதாது, உயிருள்ள உடம்பைக் கெடுக்கவும் கூடாது. அதைப் பார்க்கத்தான் வெள்ளெலிகள். கேப்பை மாவையும் மல்லாட்டைப் பிண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்து, அதில் ஏழாம் நம்பரை நிறுத்துச் சேர்த்து, கூண்டுக்கு இத்தனை என்று வைக்க வேண்டும். பக்கத்துக் கூண்டுகளுக்குப் பொடி இல்லாத உருண்டை. பொடியைச் சேர்த்துப் பிசைந்தால் உருண்டை நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. சார் தவித்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், முதலில் உருண்டை பிடித்துவிடலாம், பிறகு பொடியில் புரட்டி எடுத்துவிடலாம் என்று. வீட்டில் மாவுருண்டையைச் சர்க்கரையில் புரட்டுகிற பழக்கம்தான். "அட, இது எனக்குத் தோணலையே" என்று அவர் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுவதும் உன்னிடம் அதையே பீற்றிக்கொண்டிருந்தேன்.

எலிகளுக்கு நம்மைவிடப் புத்தி அதிகம். உருண்டையை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பதைப் பல்லால் சுரண்டிச் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் மாவை மட்டும் தின்றன. சுரண்டியது கம்பிக்குள் இறங்கி அடித்தட்டில் விழுந்தது. சாருக்குக் கூண்டு நாற்றம் ஆகாது. அவர் வருவதற்கு முன்னால் தட்டுகளைத் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட வேண்டும் என்பது என் வேலை. அவர் வந்து பார்க்கும்போது மேலே உருண்டையும் இருக்காது, கீழே தூளும் இருக்காது. கொடுத்தது அத்தனையும் உள்ளே போயிற்று என்று எழுதிக்கொள்வார். வாரம் ஒரு தடவை எலிகளைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. பொடி உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று எழுதினார். வைத்ததை எல்லாம் தராசில் நிறுத்த மனுஷர், மிச்சத்தை ஒரு நாளும் நிறுக்கவில்லை. நிறுப்பதற்கு நான் மிச்சம் வைக்கவில்லை.

அந்தத் தூளை நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். முதலில் குப்பையில் கொட்டினேன். அப்போது கேப்பைக்கே சனங்கள் அலைந்த காலம். பாதிக்குப் பாதி மாவும் பிண்ணாக்குமாக இருந்ததைக் குப்பையில் போடக் கை வரவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நம் கோழிகளுக்குப் போட்டேன். ஐந்து கோழிகள் இருந்தன, உனக்கு நினைவிருக்கும். ஒரு மாதத்துக்குள் முட்டை நின்றது. கழிச்சல் பச்சையாகப் போயிற்று. கொண்டை கறுத்து, தலை தொங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தும் செத்தன. ஊரெல்லாம் வருகிற கழிச்சல்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அஞ்சலையின் கோழிகளும் நம் கோழிகளும் பகலெல்லாம் ஒரே குப்பையைக் கிளறினவை, ஒரே தண்ணீரைக் குடித்தவை. அவள் கோழிகளில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. பொடி தின்றவை ஒரு பக்கம், தின்னாதவை ஒரு பக்கம். சார் எலிகளை வைத்துப் பார்க்க நினைத்தது என் கொல்லையிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு நாள் துணிந்து போய்ச் சொன்னேன். "சார், எலிங்க அந்தப் பொடிய தின்றது கெடயாது. உதிர்த்து உதிர்த்துக் கீழ தள்ளிடுதுங்க." அவர் உடனே எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தட்டு சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லையேம்மா, எங்க?" என்றார். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது இதுதான்: தூளை எடுத்துக்கொண்டு போனேன், கோழிகளுக்குப் போட்டேன், எல்லாம் செத்துவிட்டன. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் ஸ்பிரிட்டை வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று ஓர் ஆளை முதலாளி எல்லார் எதிரிலும் திட்டித் துரத்தியிருந்தார். என்னையும் திருடி என்பார்கள், வேலை போகும், உன்னை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பேன் என்று பயந்தேன். "இல்ல சார், சும்மா தோணுச்சு" என்று சொல்லிவிட்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கூண்டு கழுவுகிறவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மீதியைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பங்குனியில் ஊரில் பெரியம்மை வந்தது. முட்டையில் புள்ளி குறைந்தது, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று முதலாளி ஏழாம் நம்பரைப் பொட்டலம் கட்டச் சொன்னார். வேலை செய்கிறவர்கள் வீடுகளுக்கும் அவர்கள் தெருவுக்கும் முதலில் இலவசமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. தேனில் குழைத்து ஏழு நாள். நம் தெருவுக்குக் கொடுக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. வீடு வீடாகப் போய் நான்தான் கொடுத்தேன். "நீ ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல வேல பாக்குறவ, நீ குடுத்தா நம்பி சாப்புடலாம்" என்றாள் அஞ்சலை. பொடி சாப்பிட்டாயிற்று என்ற தைரியத்தில் தெருக்காரர்கள் பாதிப்பேர் அம்மை குத்த வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். அஞ்சலை, தன் பெண் மங்காவைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் பயந்து கொல்லைப் பக்கம் ஓடியே போனாள்.

உனக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். ஏழு நாளும் உனக்கு வெறும் தேனை நக்கக் கொடுத்தேன், நீ இன்னும் வேண்டும் என்று அழுதாய். ஊருக்கு வெளியே சத்திரத்தில் அம்மை குத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் உன்னை அழைத்துக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்தேன். சட்டைக் கையைச் சுருட்டிப் பார், அந்தத் தழும்பு அந்த வாரத்தில் வந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதபடி அது அங்கே இருக்கிறது.

மங்காவுக்கு அம்மை போட்டது. ஆறு வயது. உன்னோடு உடைந்த முட்டை ஓடுகளை வைத்துக்கொண்டு கடை விளையாடுவாளே, அவள்தான். முத்து இறங்கிப் பொருக்குக் கட்ட ஆரம்பித்துவிட்டது. இனி பயமில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று பெரியவர்களே சொன்னார்கள். ஆனால் அம்மை போட்ட பிள்ளைக்குப் பொடியை இரண்டு மடங்காகக் கொடுக்கலாம் என்று கம்பெனியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்கான பொட்டலத்தையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருக்கு உதிர்கிற நேரத்தில் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாள். கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் கறுப்பாகப் போயிற்று. மூன்றாம் நாள் போய்விட்டாள். அம்மையில் போகிறவர்கள் அப்படிப் போவதில்லை. நான் அந்தக் கோழிகளைப் பார்த்தவள்.

தெருவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அஞ்சலையின் புருஷன் மூட்டை தூக்குகிறவன். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று பல நாளாக அவனும் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். ஒரு நாள் முடியாமல் சத்தம் போட்டான். அவள் கடுகு போட்டுத் தாளித்து ஒரு குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டாள். அந்த வாசனை தெருவுக்கே தெரியும். குழந்தை போனதும் ஆளாளுக்கு அதையே பேசினார்கள். "ஆத்தா ஊட்ல எறங்கிக்கினு இருக்கும்போது தாளிச்சா சும்மா வுடுவாளா?" என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான் எம் புள்ளய கொன்னுட்டேன்" என்று கத்தினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அழாத அஞ்சல, ஆத்தா கணக்கு அது" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான்.

பொடி குமட்டுகிறது, வயிற்றை வலிக்கிறது என்று மற்ற வீடுகளில் இரண்டு மூன்று நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் தப்பித்தார்கள். யாருக்கும் பிடிக்காத மருந்து விற்காது என்று முதலாளி அதைக் கைவிட்டார். சபேசன் சார் மனம் ஒடிந்து சென்னைக்கே போய்விட்டார். அவருக்குக் கடைசி வரை தெரியாது. நானும் உன்னை அழைத்துக்கொண்டு விழுப்புரம் வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலையில் சேர்ந்து, அதோடு முடிந்தது என்று பதினாலு வருஷம் இருந்துவிட்டேன். முடியவில்லை. அஞ்சலை விடவில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்காரி, உன்னைத் தன் பிள்ளையாக நினைத்துக்கொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் ஏறி வந்தாள். போன மாதம் உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கும் வந்தாள். உன் கன்னத்தை வழித்து, "இவனாவது நல்லா இருக்கட்டும், நான்தான் பாவி" என்று அவள் சொன்னபோது நீ குனிந்து அவள் காலைத் தொட்டாய். நான் வண்டிக்கு எத்தனை மணி என்று போர்ட்டரிடம் விசாரிக்கப் போய்விட்டேன். தெரிந்த நேரத்தையே விசாரித்தேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்ல வேறு ஆள் இல்லை. உன் அறையில் கூண்டு கழுவ யாராவது இருப்பார்கள். அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். அவள் துடைப்பதற்கு முன்னால் நீ போய்த் தட்டைப் பார். சுத்தமாக இருக்கிற தட்டைக் கண்டால் சந்தோஷப்படாதே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடு. அவள் எதையாவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தால் திருடி என்று கத்தாதே. எங்கே போட்டாய், தின்றது என்ன ஆயிற்று என்று கேள். புள்ளி குறைந்தது என்ற சந்தோஷத்தில் எலி தின்றதா என்று பார்க்க மறந்துவிடாதே. உன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க உனக்கு மனம் வராத ஒன்றை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நல்லது என்று கையெழுத்துப் போடாதே. போட்டால் உன் தாய் செய்ததையே நீயும் செய்தவன் ஆவாய்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, நேற்று முன்தினம் திண்டிவனம் போனேன். அஞ்சலைக்குத் தெரியாமல் இதை உனக்கு அனுப்புவது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. அவளுக்கு எழுத்து தெரியாது. கூலிக்கு மல்லாட்டை உடைத்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா திடீர்னு, புள்ள லெட்டர் போட்டானா?" என்று கேட்டு எனக்கு மணை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தேன். கோழிகள் வந்தபோது அவள் கை நின்றது. மங்கா வந்தபோது முறத்தைத் தள்ளி வைத்தாள். கடைசி வரி வரை கேட்டாள்.

"அப்போ நான் தாளிச்சதால இல்லியா?" என்றாள்.

"இல்ல அஞ்சல."

"மெய்யாலுமா சொல்றே?"

"மெய்யாலுமே இல்ல."

அழுதாள். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுததைவிடச் சத்தமாக அழுதாள். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த நாளுங்கள்ல நீ தெனமும் எங்கூட்டுக்கு வந்தே. உன் எதிர்லதான் நான் அவ வாய்ல பொடிய வெச்சேன். ரெண்டு தபா நீயே அவ தலைய புடிச்சிக்கினே. ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு."

"அத ஏன் இதுல எழுதல?"

நான் காகிதத்தை மடிக்கப் போனேன். "அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன், தம்பி. மங்கா துப்பிவிடாமல் இருக்க நான்தான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை. பத்திரிகைக்கு அனுப்பும் பிரதியிலும் எழுதியிருக்கிறேன்.

புறப்படும்போது அவள் வாசல் வரை வந்தாள். "நீ இனிமே இங்க வராதே. உன் மூஞ்சிய பாத்தா எனக்கு இன்னா பண்ணத் தோணும்னு தெரில. புள்ள வந்தா வரட்டும். அவன் இன்னா பண்ணான், கொழந்த" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கு எப்போது லீவு கொடுப்பார்களோ தெரியாது. கொடுத்தால், சென்னையிலிருந்து வரும் வண்டியில் திண்டிவனம்தான் முதலில் வரும். அங்கே இறங்கு. அவளிடம் எத்தனை நாள் இருக்கத் தோன்றுகிறதோ அத்தனை நாள் இரு. அதற்கு அப்புறம் விழுப்புரத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.